பெய்யாத மழையில் கரைந்த வீடுகள்

போசோ செகோவில் மழை பெய்தது என்று வாய்தவறிச் சொன்னாலும் அது நாட்டுக்குச் செய்யும் துரோகம். சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்றால், இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. சட்டத்தையாவது வக்கீல் வைத்து வளைக்கலாம், பள்ளிக்கூடப் புத்தகத்தை எவன் வளைப்பது?

புத்தகத்தின் பெயர் ‘நம் நாட்டின் நாற்பத்தேழு வியப்புகள்’. சாந்தியாகோவில் ஆறு மாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் தேசிய வியப்புகள் நிறுவனம் அதை அச்சடித்து, சிலி நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேர் தலையிலும் கட்டுகிறது. ஒல்லியாக, வடக்கும் தெற்குமாக நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நாடு நம்முடையது என்பது முதல் வியப்பு. மனிதன் இதுவரை அளந்த நிலநடுக்கங்களில் மிகப் பெரியது நம்முடையது என்பது இரண்டாவது. அதில் செத்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது, அளவு மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனியை வலைகட்டிப் பிடித்துக் குடிக்கிறோம் என்பது பன்னிரண்டாவது. போசோ செகோ ஆறாவது. “அட்டகாமா பாலைவனத்திலுள்ள இவ்வூரில் மழை பெய்ததில்லை. பெய்யாது.” அவ்வளவுதான். வருங்காலத்துக்கும் சேர்த்துப் ‘பெய்யாது’ என்று எழுதிய மகான் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எலூத்தேரியோ அன்சா அந்த ஆறாவது வியப்பின் காவலன். வயது ஐம்பத்துமூன்று. காலையில் லாரியிலிருந்து வீடு வீடாகக் குடிதண்ணீர் ஊற்றும் வேலை, அதுபோக இருபத்திரண்டு வருடமாக நிறுவனத்துக்கு மழைமானி பார்க்கும் வேலை. மழைமானி என்றால் ஒரு செம்புக் குவளை. சதுக்கத்தில் பளிங்குப் பீடம் கட்டி வைத்திருந்தார்கள். தூசி விழுகிறது, புறா உட்காருகிறது என்று யாரோ புகார் எழுதப்போக, நிறுவனம் அதற்குக் கண்ணாடிக் கூண்டு செய்து, நாலு பக்கமும் மேலேயும் மூடி, பூட்டுப் போட்டு, சாவியைச் சாந்தியாகோவுக்கே கொண்டுபோய்விட்டது. வருடத்துக்கு ஒருமுறை பூஜ்ய விழா நடக்கும். தலைமை இயக்குநர் வந்து, கூண்டைத் திறந்து, குவளையை எல்லாருக்கும் தெரியும்படி கவிழ்த்துக் காட்டுவார். ஒன்றும் விழாது. வாத்தியக் கோஷ்டி தேசிய கீதம் வாசிக்கும்.

தினமும் போய்ப் பார்த்து அட்டவணையில் பூஜ்யம் போடவேண்டும் என்பது விதி. முதல் இரண்டு வருடம் யோக்கியமாகத்தான் போட்டான். பிறகு ஒரு மேற்பார்வையாளர் வந்தார்.

“ஏன்யா தினம் தினம் நடந்து தேயுற? ஒண்ணாம் தேதியே மாசம் பூராவுக்கும் போட்டு அனுப்பிரு. எங்களுக்கும் கோப்பு சீக்கிரம் முடியும்.”

அதன் பின் நிறுவனமே பூஜ்யங்களை அச்சடித்து அனுப்பத் தொடங்கியது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஒன்றாம் தேதி காலையில் தேநீர் ஆறுவதற்குள் முப்பது நாளின் வானத்தையும் முடித்துவிட்டு எலூத்தேரியோ தண்ணீர் லாரிக்குப் போய்விடுவான்.

அவன் மனைவி ஒத்திலியாவுக்கு அது பிடிக்காது. அவள் தெற்கே வால்திவியாக்காரி. அங்கே வருடத்தில் பாதிநாள் மழை, மீதிநாள் மழை வரப்போகிறது என்ற பேச்சு.

“நடக்காததுக்கெல்லாம் கையெழுத்துப் போடாத மனுசா. நாளைக்கு நீ இருப்பியான்னே தெரியாது, வானத்துக்கு உத்தரவாதம் குடுக்குற.”

“அட, பெய்யாதுடி. பெஞ்சா என் மீசையை எடுத்துடறேன்.”

அந்த வருடம் மார்ச் ஒன்றாம் தேதி முப்பத்தொரு பூஜ்யங்களுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். இருபத்துநாலாம் தேதி மதியம் மழை பெய்தது.

வானம் கறுத்தபோது சுரங்கத்தில் வெடி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து எல்லாரும் சன்னலைச் சாத்தினார்கள். முதல் துளிகள் விழுந்ததும் நாய்கள் தரையைப் பார்த்துக் குரைத்தன. எதிர்வீட்டு ருபெர்த்தா, கொடியில் காய்ந்த துணி மறுபடி நனைவதைக் கண்டு, “எந்த நாசமாப் போறவன் தண்ணி ஊத்துறான்?” என்று அக்கம்பக்கத்தைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தாள். வந்தவள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். அறுபது வயதில் அவள் தலையில் விழுந்த முதல் மழை அது.

ஒத்திலியா செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினாள். முகத்தை மேலே தூக்கிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எலூத்தேரியோவின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சுற்றினாள்.

“மழைய்யா! நெச மழை! வீட்டுல பூசணிக்கா இருக்குல்ல? இரு, எண்ணெய் வைக்கிறேன்.”

தெற்கே மழை வந்தால் பூசணி மாவு பிசைந்து அப்பம் சுடாத வீடு கிடையாது. இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகச் சுடுவதற்குக் காரணம் கிடைக்காமல் தவித்தவள் உள்ளே ஓடினாள்.

போசோ செகோவின் வீடுகள் உப்பால் கட்டியவை. அந்தப் பாலைவனத்தில் வெட்ட மரமும் இல்லை, செங்கல் பிசையத் தண்ணீரும் இல்லை. தரையைக் கடப்பாரையால் பெயர்த்தால் பாளம் பாளமாக உப்பு வரும். அதை அடுக்கினால் சுவர், மேலே வெளியூரிலிருந்து வாங்கிவந்த ஓர் உத்தரம் போட்டு, நாணல் பரப்பி மண்ணைக் கொட்டினால் கூரை. நூறு வருடம் நிற்கும், மழை மட்டும் படக்கூடாது.

முதலில் கூரை மண் ஊறிக் கனத்தது. பிறகு சுவர், தேநீரில் போட்ட சர்க்கரைக் கட்டியாட்டம், அடியிலிருந்து கரைந்தது. மூன்றாவது அப்பம் எண்ணெயில் இருக்கும்போது உத்தரம் ஒத்திலியாவின் தொடைமேல் விழுந்தது. அடுப்பு மறுபக்கம் சரிந்ததால் எண்ணெய் அவள்மேல் கொட்டவில்லை, அந்த மட்டுக்கும் தப்பித்தாள்.

இரண்டு நாளில் முப்பத்தொரு வீடுகள் போயின. சதுக்கத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், செம்புக் குவளை ஒரு சொட்டுப் படாமல் நின்றது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒத்திலியாவின் தொடை எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு, இடம் இல்லை என்று பத்தாம் நாள் அனுப்பிவிட்டார்கள். டாக்டர் எலூத்தேரியோவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “நாலு மாசம் அசையாம படுத்திருக்கணும். படுத்தே கெடக்கறவங்களுக்கு நெஞ்சுல சளி கட்டும். ஜூன்ல குளிர்காலம் ஆரம்பிச்சுரும், அதுக்கு முன்னாடி காய்ஞ்ச, கதகதப்பான வீட்டுல சேத்துருங்க. இல்லன்னா கால் பிழைக்கும், ஆள் பிழைக்க மாட்டாங்க.”

வீடு எங்கே இருக்கிறது? முப்பத்தொரு குடும்பமும் பள்ளிக்கூட நடையில் சிமெண்டுத் தரையில் கிடந்தன. ஒத்திலியாவுக்கு மட்டும் ஒரு மேசையைக் கட்டிலாக்கிக் கொடுத்திருந்தார்கள். மாவட்டப் பேரிடர் அலுவலகத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையும் போட்ட வீடுகள் கிடங்கில் அடுக்கியே இருந்தன. அங்கிருந்த எழுத்தர் நல்ல மனுஷன், வெட்கத்தோடு சொன்னான்: “நாளைக்கே லாரியில ஏத்திருவேன்ணே. மழை பெஞ்சுதுன்னு ஒரு சான்றிதழ் மட்டும் வேணும். அதைக் குடுக்கற அதிகாரம் உங்க ஊரைப் பொறுத்தவரை வியப்புகள் நிறுவனத்துக்குத்தான்.”

இருபத்திரண்டு மணிநேரம் பேருந்தில் உட்கார்ந்து எலூத்தேரியோ சாந்தியாகோ போய்ச் சேர்ந்தான். நாலாவது மாடியில் திருத்தப் பிரிவு. அதன் தலைவி பெரேனிசே அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அவனுடைய மார்ச் மாத அட்டவணையை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“மார்ச் இருபத்துநாலு, பூஜ்யம். இருபத்தஞ்சு, பூஜ்யம். கீழ இருக்கறது யார் கையெழுத்து?”

“என்னுதுதாம்மா.”

“அப்ப மழை பெய்யலைன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?”

“அது ஒண்ணாம் தேதி போட்டதும்மா. பூஜ்யத்தை நீங்கதானே அச்சடிச்சு அனுப்புனீங்க?”

“நாங்க பூஜ்யத்தைத்தான் அனுப்புனோம். அதை உண்மையாக்குனது நீங்க.”

எலூத்தேரியோவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான்.

“அம்மா, முப்பத்தோரு வீடு கரைஞ்சு போச்சு. என் சம்சாரம் தொடை உடைஞ்சு கெடக்கா.”

“வீடு விழறது வேற துறை, தொடை வேற துறை. எவ்வளவு பெஞ்சதுன்னு சொல்றீங்க?”

“வாசல்ல வெச்சிருந்த அண்டா நெறைஞ்சு வழிஞ்சுதும்மா.”

“அண்டா அங்கீகரிக்கப்பட்ட கருவியா? அங்கீகரிக்கப்பட்ட கருவி என்ன காட்டுச்சு?”

“அது கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருக்கும்மா. மழை எப்படிப் படும்?”

“படலேன்னு நீங்களே சொல்றீங்க,” என்று பெரேனிசே அம்மாள் அதையும் குறித்துக்கொண்டார். “நீங்க பார்த்தது மூடுபனியா இருக்கும். பன்னெண்டாவது வியப்பு. அது உங்க பக்கம் வர்றதுக்கு அனுமதி இருக்கு.”

“மூடுபனி வீட்டைக் கரைக்குமாம்மா?”

“தீவிரமான மூடுபனி.” அதையும் எழுதிக்கொண்டார். “சரி, சாட்சி இருக்கா?”

“ஊரே சாட்சி. நானூறு பேரு.”

“அவங்க இதுக்கு முன்னாடி மழையைப் பார்த்திருக்காங்களா?”

“இல்லம்மா, எங்க பார்க்கறது.”

“அப்ப பார்த்தது மழைதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

எலூத்தேரியோ சட்டென்று ஞாபகம் வந்து, “என் சம்சாரத்துக்குத் தெரியும்மா. அவ வால்திவியாக்காரி. பொறந்து வளர்ந்ததே மழையிலதான்” என்றான்.

பெரேனிசே அம்மாள் நாற்காலியில் சாய்ந்து, முதல்முறையாகச் சிரித்தார். “பார்த்தீங்களா? அவங்க மழைக்கு வேண்டப்பட்டவங்க. ஒருதலைச் சாட்சி செல்லாது.”

கடைசியில், மாதிரி இருந்தால் பரிசோதிக்கலாம் என்றார். நல்லவேளை, ருபெர்த்தா அந்த மழைத்தண்ணீரில் ஒரு பாட்டிலை மாதா படத்தின் கீழே பத்திரமாக வைத்திருந்தாள். தொலைபேசியில் சொல்லி, பேருந்து ஓட்டுநர் மடியில் அது சாந்தியாகோ வந்தது. நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்பது நாள் ஆராய்ந்து ஒரு காகிதம் கொடுத்தது. “பொருள்: தண்ணீர். மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்பது குறித்துத் தண்ணீர் எதையும் தெரிவிக்கவில்லை.” கீழே மூன்று விஞ்ஞானிகளின் கையெழுத்து.

அந்த ஒன்பது நாளும் எலூத்தேரியோ பேருந்து நிலையத்தில் படுத்தான். அந்த அம்மாளை நினைத்தால் குமட்டியது. தன் வலதுகையைப் பார்த்தால் அதைவிடக் குமட்டியது. இருபது வருடமாக வானத்தை நிமிர்ந்து பாராமல் பூஜ்யத்துக்குக் கையெழுத்துப் போட்ட கை அது.

அவன் விடவில்லை என்பதால் ஏப்ரல் கடைசியில் விசாரணைக் குழு கிளம்பியது. தலைமை இயக்குநர் டாக்டர் ஃபெர்மின் லர்ராகிபேல் நேரிலேயே வந்தார். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், மேலே காய்ந்து உள்ளே கூழாகக் கிடந்த சேற்றில் அவருடைய மூன்று வண்டிகளும் அச்சுவரை புதைந்தன. ஊர்க்காரர்கள் டிராக்டர் கொண்டுபோய் இழுத்தார்கள். டாக்டர் கீழே இறங்கியபோது கால் முழங்கால்வரை உள்ளே போனது.

“என்னய்யா இது?” என்றார்.

“நிலம் கொஞ்சம் இளகியிருக்கு டாக்டர்,” என்றான் உதவியாளன்.

“எழுதிக்கோ. நிலம் இளகிய மனசோட நம்மளை வரவேற்குது.”

முதல் வேலையாகச் சதுக்கத்துக்குப் போய், பூட்டைத் திறந்து, குவளையைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. குழு கைதட்டியது. பிறகு பள்ளிக்கூட நடையில், படுத்திருந்தவர்களுக்கும் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நடுவில் நின்று, டாக்டர் பேசினார்.

“என் அருமை மக்களே, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. காலையிலேருந்து என் காலுறையே ஈரமா இருக்கு. ஆனா நாம உணர்ச்சிவசப்படக் கூடாது. இந்த நாட்டுல நாலு லட்சம் பிள்ளைங்க ‘போசோ செகோவில் மழை பெய்யாது’ன்னு பரீட்சையில எழுதி மார்க்கு வாங்கியிருக்காங்க. இன்னிக்கு நான் மழைன்னு ஒரு காகிதத்துல எழுதினா, நாலு லட்சம் பேரும் தப்பா எழுதினவங்க ஆயிடுவாங்க. முப்பத்தோரு வீடு பெருசா, நாலு லட்சம் மார்க்கு பெருசா? கிடங்குல புதுசா அறுபதாயிரம் புத்தகம் வேற அச்சடிச்சுக் கெடக்கு. வானம் இன்னிக்கு ஒண்ணு செய்யும், நாளைக்கு ஒண்ணு செய்யும். அதுக்கு என்ன பொறுப்பு இருக்கு? பொறுப்புள்ள ஒரு நிறுவனம் வானத்தைப் பார்த்தா உண்மையை முடிவுபண்ண முடியும்?”

மேசையில் கிடந்த ஒத்திலியா தலையைத் தூக்கினாள். “டாக்டரய்யா, என் காலு?”

டாக்டர் ஃபெர்மின் அருகே வந்து, குனிந்து, மாவுக்கட்டை அன்போடு தட்டிக் கொடுத்தார். “அம்மா, உங்க கால் எங்க பட்டியல்ல இல்ல.”

அவர் போன பிறகு ருபெர்த்தா வாசலில் வந்து காறித் துப்பினாள். எலூத்தேரியோவின் பக்கம் திரும்பியும் கொஞ்சம் துப்பினாள். “நீ போட்ட கையெழுத்துய்யா இது,” என்றாள்.

மே மாதம் பாலைவனம் பூத்தது. அந்த மணலுக்குள் விதைகள் பல வருடம் உயிரோடு தூங்கும். ஒரு மழை போதும், எழுந்துவிடும். தூங்கியது விதை என்பதால் அதனிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாப்பூ, இடையிடையே மஞ்சளும் வெள்ளையும். ஒருநாள் விடிந்ததும் ஊர்க்காரர்கள் குளிரை மறந்து வெளியே போய் நின்றார்கள். எலூத்தேரியோவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. ஓடிவந்து ஒத்திலியாவிடம் சொன்னான்.

“பூத்திருச்சுடி! இனி என்ன சொல்லுவானுங்க? மழை இல்லாம பூக்குமா? அண்டாவை ஒளிக்கலாம், சாட்சியைத் தள்ளலாம், இதை எங்க கொண்டுபோய் ஒளிப்பானுங்க?”

ஒத்திலியா இருமினாள். குளிர் அதற்குள் வந்துவிட்டிருந்தது. “படம் புடிச்சு அனுப்பு,” என்றாள். “சீக்கிரம் அனுப்பு.”

நாற்பது படம் பிடித்து அனுப்பினான். மார்ச்சில் பெய்த மழைக்கு ஏப்ரல் கடைசியில் வந்த நிறுவனம், இதற்கு மூன்றாம் நாளே வந்து இறங்கியது. டாக்டர் ஃபெர்மினோடு தொலைக்காட்சிக்காரர்களும் வந்தார்கள். அவர் பூக்களின் நடுவே மண்டியிட்டு, ஒரு பூவை முகர்ந்து, கேமராவைப் பார்த்தார்.

“இங்க மழை பெய்யலங்கறது நிறுவனத்தோட ஆவணத்துல ஐயந்திரிபற நிரூபணமாகியிருக்கு. ஆனா பூ பூத்திருக்கு! ஆக, உலகத்துலயே மழை இல்லாம பூக்கற ஒரே ஊர் போசோ செகோ. நாட்டு மக்களே, நாற்பத்தெட்டாவது வியப்பை உங்களுக்குக் காணிக்கையாக்குறேன்.”

எலூத்தேரியோ தலையில் கைவைத்துக்கொண்டு அந்த ஊதாப்பூவிலேயே உட்கார்ந்துவிட்டான். கேமராக்காரன் கொஞ்சம் நகரச் சொன்னான்.

அடுத்த வாரம் லாரிகள் வந்தன. பலகையும் தகரமும் ஏற்றிய லாரிகள். பள்ளிக்கூட நடையே எழுந்து ஓடியது, கிழவர்கள்கூடக் கைதட்டினார்கள். லாரிகள் நிற்காமல் ஊரைத் தாண்டிப் பூவயலுக்குப் போயின. பேரிடர்க் கிடங்கிலிருந்த தகரமெல்லாம் சுற்றுலாப் பயணிகள் வெயில் படாமல் உட்கார்ந்து பார்க்கும் அரங்கமாக எழுந்தது. பள்ளிக்கூடம் வரவேற்பு மண்டபமாக வேண்டியிருந்ததால் முப்பத்தொரு குடும்பங்களையும் மைதானத்துக் கூடாரங்களுக்கு மாற்றினார்கள். ராத்திரி கூடாரத்தின் உட்புறம் பனி உறைந்தது. ஒத்திலியாவின் இருமல் ஆழத்துக்குப் போய்விட்டது, மூச்சு இழுக்கும்போது உள்ளே ஏதோ கிழிவது போலச் சத்தம் வந்தது.

உதவியாளன் எலூத்தேரியோவைத் தேடி வந்தான். பூவயல் ஓரத்தில் ‘வியப்புக் காவலர் இல்லம்’ ஒன்று கட்டி முடித்திருக்கிறார்கள். இரண்டு அறை, பலகைத் தரை, அடுப்பு. ஊர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு அதில் இருக்கலாம். “ஒரே ஒரு கையெழுத்துதாண்ணே,” என்று காகிதத்தை நீட்டினான். ‘இவ்வூரில் மழை பெய்யவில்லை. பூக்கள் தாமாகப் பூத்தன. இதை நான் நேரில் கண்டேன்.’

“நீ போட்டேன்னு வையி, உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்,” என்றாள் ஒத்திலியா. சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை இருமினாள்.

“நீ செத்துப்போனா என் மூஞ்சியை யாருடி பார்ப்பா?”

“அது உன் பாடு. மழை பெஞ்சுதுய்யா. என் தலையில பெஞ்சுது. நான் நனைஞ்சேன்.”

மறுநாள் அவள் உதடு நீலமாயிற்று. அன்று அவன் கையெழுத்துப் போட்டான். முதல் தடவையாக, எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுப் போட்டான். ருபெர்த்தாவும் நாலு பேரும் மேசையோடு ஒத்திலியாவைத் தூக்கிப் புது வீட்டில் வைத்தார்கள். “அவளுக்காகத்தான் போட்ட, தெரியும்,” என்றாள் ருபெர்த்தா, அவன் கண்ணைப் பாராமல். கூடாரத்துக்குத் திரும்பிப் போனாள்.

அடுப்புச் சூட்டில் ஒத்திலியாவின் மூச்சு இரண்டு வாரத்தில் சீரானது. சொன்னபடியே அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், சூப்பைக் கொடுத்தால் குடித்தாள்.

பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்தது. வீட்டுக்குப் பெரிய சன்னல் வைத்திருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வழிகாட்டி சன்னலுக்கு வெளியே நின்று, “இவர்தான் வாழ்க்கையில மழையே பார்க்காத மனிதர்” என்பான். எலூத்தேரியோ தலையாட்ட வேண்டும்.

ஒருநாள் கூட்டத்திலிருந்த ஓர் அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, “ஐயோ பாவம், அந்தம்மா காலுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

வழிகாட்டி வாயைத் திறக்குமுன் ஒத்திலியா சுவரிலிருந்து திரும்பினாள். மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. “மழை பெஞ்சு வீடு கரைஞ்சு உத்தரம் விழுந்துச்சு. முப்பத்தோரு வீடு போச்சு. மத்தவங்க அந்தக் கூடாரத்துல விறைச்சுக் கெடக்காங்க, போய்ப் பாருங்க.”

வழிகாட்டி கெட்டிக்காரன், முதலில் அவன் சிரித்தான். கூட்டம் நிம்மதியாகச் சேர்ந்து சிரித்தது. “மழையில கரைஞ்ச வீடாம்!” என்று ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். போகும்போது கைதட்டிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் அரங்கத்தின் முன்னால் பலகை மாட்டினார்கள். ‘காலை 11, மாலை 4: மழைக் கதை. நகைச்சுவை. சொல்பவர் திருமதி ஒத்திலியா.’ கூடவே நிறுவனத்தின் கடிதம்: இல்லம் வியப்பின் பணியாளர்களுக்கு மட்டுமே, கதை சொல்லாவிட்டால் காலி செய்யவேண்டும்.

எலூத்தேரியோ கடிதத்தை அடுப்பில் போடப் போனான். “வேணாம்,” என்றாள் ஒத்திலியா. “சொல்றேன். நெசத்தைச் சொல்ல இந்த ஊருல வேற எடம் ஏது? தெனம் ரெண்டு வேளை சொன்னா எவனாவது ஒருத்தனுக்கு உறைக்காதா?”

மாவுக்கட்டுக் காலை அசையாமல் நீட்டி, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். அவள் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அண்டாவைச் சொன்னாள், பூசணி அப்பத்தைச் சொன்னாள், உப்புச் சுவரைச் சொன்னாள். உப்புச் சுவர் என்றதும் சிரிப்பு, பெரேனிசே அம்மாளைச் சொன்னதும் சிரிப்பு, “உங்க கால் பட்டியல்ல இல்ல” என்றதும் தகரக் கூரை அதிரும்படி சிரிப்பு. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும்.

ஆறாம் நாள் மாலை நாலு மணிக் கதையில், தெருவில் செருப்பில்லாமல் ஓடி மழையில் நனைந்த இடம் வந்தபோது அவளால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். ஓரத்தில் கேட்டுக்கொண்டு நின்ற ருபெர்த்தா மேடையேறி அவள் தோளைப் பிடித்தாள். “ஆமாங்க, நானும் நனைஞ்சேன். என் வீடும் போச்சு,” என்றாள். கூடாரத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்து நின்று, “எங்க வீடும்” என்றார்கள். அரங்கத்தில் சிரிப்பு நின்றது. எலூத்தேரியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான். இப்போது உறைத்துவிடும் என்றுதான் அவனும் நம்பினான்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவ்வளவு நேரம் கைதட்டி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, கக்கத்தில் வியப்புகள் புத்தகத்தோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டே எலூத்தேரியோவிடம் வந்து அவன் வலதுகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“என்னமா நடிக்கிறாங்க எல்லாரும்! கேட்டுட்டிருக்கும்போது நெசமாவே இங்க மழை பெஞ்ச மாதிரியே இருந்துச்சுங்க.”

எலூத்தேரியோ கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை, அங்கேயே வாந்தி எடுத்தான்.